பரிசு வாங்காத இஷான்கள்

'தாரே ஜமீன் பர்' பார்த்துவிட்டு அழாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். ம்ஹும்... ஒருத்தரையும் காணோம். 2007 டிசம்பரில் வந்த இந்திப் படம். ஹாஸ்டலில் பையனை விட்டுவிட்டு கார் கிளம்பும்போது, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட கர்ச்சீப்பைத் தேடினார்கள். இன்றைக்கும் டிவியில் போட்டால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

அழுதது சரி. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

நம்மில் பலருக்கு 'டிஸ்லெக்ஸியா' என்ற வார்த்தையை அறிமுகம் செய்துவைத்ததே அந்தப் படம்தான். அதனால்தான் அதைக் கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு சினிமா பாடப்புத்தகம் ஆகிவிட்டால், அதில் உள்ள பிழையும் பாடமாகிவிடும் இல்லையா?

முதலில் பாராட்டு. அமோல் குப்தே எழுதி, ஆமிர்கான் இயக்கிய இந்தப் படத்தில் முதல் பாதி அபாரம். இஷான் அவஸ்தி மூன்றாம் வகுப்பை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறான். அவன் செய்கிற 'தப்பு'களை வரிசையாகப் பாருங்கள். எழுத்துக்களைத் திருப்பிப் போடுகிறான். ஷூ லேஸ் கட்ட வரவில்லை. பந்தைத் தூக்கிப் போடச் சொன்னால் எங்கேயோ போடுகிறான். பக்கம் எத்தனை, அத்தியாயம் எத்தனை, எத்தனையாவது பாரா என்று டீச்சர் ஒரே மூச்சில் சொன்னால் திருதிருவென்று முழிக்கிறான். ஒவ்வொன்றும் கவனமாகப் பொறுக்கி வைத்த குறிப்பு. அந்தப் பாதி முழுக்க டிஸ்லெக்ஸியா என்ற சொல்லே வருவதில்லை. பார்க்கிற நாமும் இஷானின் அப்பாவைப் போலவே, 'திமிரு... சோம்பேறி' என்றுதான் யோசிக்கிறோம். இடைவேளைக்குப் பிறகு, நிகும்ப் என்ற டிராயிங் டீச்சராக வரும் ஆமிர்கான் விஷயத்தை உடைக்கும்போது அப்பாவுக்கு விழுகிற அடி நமக்கும் விழுகிறது.

அந்த அடி விழும் காட்சிதான் எத்தனை எளிமை! நிகும்ப் இஷானின் வீட்டுக்கு வருகிறார். ஒரு விளையாட்டுப் பெட்டியை எடுத்து, அதன் மேல் சீன எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்கிறார். அப்பாவால் எப்படி முடியும்? முடியவில்லை என்றதும் டீச்சர் குரலை உயர்த்துகிறார். முயற்சியே செய்யவில்லை, கவனமில்லை, திமிர் என்று அதட்டுகிறார். அப்பா தினமும் மகனுக்குச் சொல்லும் அதே வசனங்கள். டாக்டர்கள் பத்துப் பக்கம் எழுதிப் புரியவைக்க வேண்டியதை அந்தக் காட்சி ஒரே நிமிஷத்தில் முடித்துவிடுகிறது.

இவ்வளவு நல்ல படத்தில் என்ன குறை? மூன்று இருக்கிறது. மூன்றுமே பெற்றோர் தலையில் வந்து விடியும் குறைகள்.

*

முதல் குறை: எழுத்து நடனமாடுகிறது.

படிக்கச் சொன்னால், எழுத்துக்கள் டான்ஸ் ஆடுகின்றன என்கிறான் இஷான். திரையிலும் அவை பூச்சி மாதிரி ஊர்ந்து ஓடுகின்றன. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் இதைப் பார்க்கும் அம்மா என்ன முடிவுக்கு வருவாள்? இது ஏதோ கண் கோளாறு என்று. கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று அலைய ஆரம்பிப்பாள். அவற்றால் டிஸ்லெக்ஸியா சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

டிஸ்லெக்ஸியாவின் மையம் கண்ணில் இல்லை. பெரும்பாலான குழந்தைகளிடம் அது ஒலியில் இருக்கிறது. பேச்சு மனிதனுக்குத் தானாக வரும். யாரும் டியூஷன் வைப்பதில்லை. எழுத்து அப்படியல்ல. மனிதன் அதைக் கண்டுபிடித்து ஐயாயிரம் வருஷம் சொச்சம்தான் ஆகிறது. படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே தனி இடம் கிடையாது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் உள்ள பகுதிகளை இணைத்து, ஒவ்வொரு குழந்தையும் புதிதாக ஒரு பாதை போடவேண்டியிருக்கிறது. ஒரு சொல்லைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தோடு முடிச்சுப் போடவேண்டும். அந்த முடிச்சுதான் சில பிள்ளைகளுக்குச் சுலபத்தில் விழுவதில்லை. புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1896-லேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கண் பார்வை கச்சிதம், கணக்கு நன்றாக வரும். ஆனால் தன் பெயரையே 'ப்ரெஸி' என்று எழுதிவைத்தான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் படுசுட்டியாக இருப்பான் என்பது அவன் ஆசிரியரின் அபிப்பிராயம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் 'மக்கு' என்ற வார்த்தையைக் கைவிடவில்லை.

*

இரண்டாவது குறை: ஒரு பாட்டுக்குள் குணமாகிவிடுகிறான்.

நிகும்ப் இஷானுக்குப் பாடம் சொல்லித்தரும் முறைகள் எல்லாம் நல்ல முறைகள். மணலில் விரலால் எழுதுவது, களிமண்ணில் உருவம் பிடிப்பது, படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்குப் போடுவது. கண், காது, கை மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் இந்த வழி, அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்கம் என்ற இருவர் 1930களில் உருவாக்கிய முறையின் வாரிசு. இங்கேயும் ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் படத்தில் இது எவ்வளவு நேரம்? ஒரு பாட்டு. பாட்டு முடிந்தால் பையன் படிக்கிறான், எழுதுகிறான், கணக்குப் போடுகிறான்.

நிஜத்தில் அது வாரத்துக்குப் பல வகுப்புகளாக, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் போகும் வேலை. நேற்று வந்த எழுத்து இன்று மறந்துபோகும். நாளைக்குத் திரும்ப வரும். டிஸ்லெக்ஸியா வாழ்நாள் முழுக்கக் கூட வருவது. சீக்கிரம் கண்டுபிடித்து முறையாகச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகவே படிப்பார்கள். ஆனாலும் வேகம் குறைவாக இருக்கலாம், ஸ்பெல்லிங் தகராறு செய்யலாம். இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? மூன்றாம் மாதம் அப்பாவுக்குப் பொறுமை போய்விடும். "இவ்ளோ பணம் கட்டறேன், இன்னும் அப்படியேதான் இருக்கான்" என்று வகுப்பை நிறுத்திவிடுவார்.

அந்தப் பொறுமையின்மையை நம்பித்தான் ஒரு பெரிய கடைவீதியே நடக்கிறது. ஞாபகசக்தி டானிக், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் 'மிட்பிரெய்ன்' வகுப்பு, இப்படி. வல்லாரைக்கீரைத் துவையல் ருசியாக இருக்கும், பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள். எழுத்துக் குழப்பத்துக்கு மருந்தாக நினைத்துக் கொடுக்காதீர்கள். இதைச் சரிப்படுத்த மாத்திரை கிடையாது. சொல்லிக்கொடுக்கும் முறைதான் மருந்து.

*

மூன்றாவது குறை: அவன் ஓவியன்.

இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இஷான் சாதாரணப் பையன் இல்லை. மூன்றை ஒன்பதால் பெருக்கச் சொன்னால், மூன்றாவது கிரகமான பூமியை இழுத்துக்கொண்டு போய் ஒன்பதாவதான புளூட்டோ மீது மோதவிட்டு, புளூட்டோ காலி, மிச்சம் மூன்று என்று விடை எழுதுகிற கற்பனைக்காரன். கடைசியில் பள்ளியே திரண்டு வந்து வரையும் போட்டியில் அவனுக்குத்தான் முதல் பரிசு. நிகும்ப் வகுப்பில் ஒரு பட்டியல் வேறு போடுகிறார். ஐன்ஸ்டைன், டாவின்சி, எடிசன்...

ஐன்ஸ்டைனுக்கு யார் டெஸ்ட் எடுத்தார்கள் சார்? செத்துப்போன மேதைகளுக்கெல்லாம் பின்தேதியிட்டு சர்ட்டிஃபிகேட் கொடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் பள்ளியில் கணக்கில் ஃபெயில் என்பதும் கட்டுக்கதைதான். பிள்ளைகளுக்கு நம்பிக்கை ஊட்டத்தான் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 'உனக்குப் படிக்க வராதா? பரவாயில்லை, வேறு ஏதாவதில் மேதையாக இரு.'

இல்லாவிட்டால்? வரைய வராது, பாட வராது, கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள், படிக்கவும் திணறுகிறான் என்றால் அவன் கதி என்ன? டி.எஸ்.எம்-5 என்று, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவிகிதம் பேருக்குப் படிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ இந்தக் குறைபாடு இருக்கலாம் என்கிறது அது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டிலிருந்து ஆறு பேர். அவர்கள் எல்லோரும் டாவின்சி ஆக முடியுமா? அவர்கள் மற்ற பிள்ளைகளைப் போலத்தான். சிலருக்கு ஒன்று நன்றாக வரும், சிலருக்கு எல்லாமே சுமாராக வரும். சுமாரான பிள்ளைக்கும் படிக்கக் கற்றுக்கொள்ளும் உரிமை உண்டு. பரிசு வாங்கினால்தான் அப்பா கட்டிக்கொள்வார் என்றால், அது ரேங்க் கார்டின் இன்னொரு வடிவம்தான். பெயர்தான் மாறியிருக்கிறது.

இஷான் பையன், அதுவும் சேட்டைக்காரப் பையன் என்பதையும் கவனியுங்கள். சண்டை போடுகிறான், கட் அடிக்கிறான், அதனால் கண்ணில் படுகிறான். கடைசி பெஞ்சில் சத்தமே போடாமல், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராத ஒரு சிறுமியை எந்த நிகும்ப் வந்து கண்டுபிடிப்பார்?

*

இனி நம் வீட்டுக்கு வருவோம். படம் மும்பைக் கதை, இங்கிலீஷ் ஸ்கூல் கதை. திரும்பிக்கொள்ளும் இங்கிலீஷ் எழுத்துக்களைப் பார்த்துப் பழகிய பல பெற்றோர், தமிழில் இந்தப் பிரச்னையே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் எழுத்தை ஒரு குழந்தையின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'க்'. கையில் முதலில் வருவது கொம்பு. 'கொ' என்றால் இன்னும் வேடிக்கை. முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் மாட்டிக்கொண்ட 'க'. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' ஒரு சத்தம், இரண்டாவது 'ப' வேறு சத்தம், எழுத்து என்னவோ ஒன்றுதான். ல, ள, ழ, அப்புறம் ந, ன, ண. போதாததற்கு, வீட்டில் 'வந்துட்டான்', புத்தகத்தில் 'வந்துவிட்டான்'. பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் கடலை ஓரிரண்டு வருஷத்தில் நீந்திவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதினால், கதையாகச் சொல்லச் சொன்னால் பிரமாதமாகச் சொல்லிவிட்டு எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு வயிற்றுவலி வந்தால், யோசிக்கவேண்டும்.

ஒரு சின்ன விளையாட்டு. 'பட்டம்' என்ற சொல்லில் 'ப'வை எடுத்துவிட்டு 'வ' போட்டால் என்ன? வட்டம். 'க' போட்டால்? கட்டம். 'ச' போட்டால்? பேப்பர், பேனா வேண்டாம். பஸ்ஸில் போகும்போதே விளையாடலாம். ஏழெட்டு வயதிலும் இதில் தடுமாறினால் அது ஒரு குறிப்புதானே தவிர, தீர்ப்பு அல்ல. நீங்களே டாக்டராகிவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வீட்டில் ஒருவரும் இங்கிலீஷ் பேசாமல், எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டு, "ரீடிங் வரலை, டிஸ்லெக்ஸியாவா?" என்று கேட்பது நியாயமில்லை. பழக்கமில்லாத மொழி, சரியாக நடக்காத வகுப்பு, அடிக்கடி லீவு, இவற்றால் வருகிற தேக்கம் வேறு, கற்றல் குறைபாடு வேறு. அதேபோல பாண்டிராஜின் 'பசங்க 2' (2015) பேசிய ஏ.டி.ஹெச்.டி. வேறு. ஒரே குழந்தையிடம் இரண்டும் சேர்ந்து வரலாம், ஆனால் ஒன்றல்ல. 2025-ல் ஆமிர்கான் நடித்து வந்த 'சிதாரே ஜமீன் பர்' படத்தில் வருகிறவர்கள் அறிவுத்திறன் வளர்ச்சியில் குறைபாடு உள்ள இளைஞர்கள். தலைப்பு அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? முதலில் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை டிஸ்லெக்ஸியா என்று முத்திரை குத்துவது அநியாயம். அடுத்து குழந்தை நல மருத்துவர், அவர் வழியாக கிளினிகல் சைக்காலஜிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்தே 'மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்' இதற்காக இயங்கிவருகிறது. குடும்பத்தில் வேறு யாருக்காவது படிக்கத் திணறல் இருந்ததா என்று டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள். இது பரம்பரையாக வருவது உண்டு. தன் பழைய ரேங்க் கார்டு ஞாபகம் வந்து அப்பாக்கள் சட்டென்று மௌனமாகிவிடும் இடம் இது.

படம் வந்தபோது இருந்த 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் கற்றல் குறைபாடு என்ற பேச்சே கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. இந்தக் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்பச் சொல்லிக்கொடுப்பது அரசு நடத்தும், அரசு அங்கீகரித்த பள்ளிகளின் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. அதாவது, "வேற ஸ்கூல் பாத்துக்கங்க" என்று ஹெச்.எம். சொன்னால், பதில் சொல்ல உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள், மொழிப் பாடத்தில் விலக்கு என்று போர்டுக்குப் போர்டு சலுகைகள் உண்டு. சர்ட்டிஃபிகேட் வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடாதீர்கள்.

"சர்ட்டிஃபிகேட் வாங்கினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கேள்வி. இப்போது மட்டும் என்ன சொல்கிறார்கள்? மக்கு, தத்தி, மாடு மேய்க்கத்தான் லாயக்கு. பெயர் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. சரியான பெயரை வைப்போம் என்கிறேன், அவ்வளவுதான்.

*

அந்தப் படத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. யாரும் அதிகம் பேசுவதில்லை. அப்பா ஸ்கூலுக்கு வருகிறார். மனைவி இன்டர்நெட்டில் டிஸ்லெக்ஸியா பற்றி எல்லாம் படித்துவிட்டாள் என்று நிகும்பிடம் சொல்லிக்கொள்கிறார், நாங்களும் அக்கறையுள்ளவர்கள்தான் என்று காட்ட. அக்கறை என்றால் என்ன என்று அவருக்கு ஒரு டோஸ் கிடைக்கிறது. முகம் செத்துப்போய் வெளியே வருகிறார். அங்கே நோட்டீஸ் போர்டு முன்னால் இஷான் தனியாக நிற்கிறான். போர்டில் உள்ளதை எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி, தானாகவே படித்துக்கொண்டிருக்கிறான். அப்பா தூரத்தில் நின்று பார்க்கிறார். கண் கலங்குகிறது. கிட்டே போகத் தைரியமில்லாமல் திரும்பிப் போய்விடுகிறார்.

என்னைக் கேட்டால் படத்தின் கிளைமாக்ஸ் அதுதான். கைதட்டல் இல்லை, கோப்பை இல்லை. ஒரு பையன் நோட்டீஸ் படிக்கிறான். ஆமிர்கான் அதோடு நிறுத்தாமல், நம்மை ஓவியப் போட்டிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். கமர்ஷியல் கட்டாயம், விடுங்கள்.

உங்கள் வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளை பஸ் போர்டையோ, பிஸ்கெட் பாக்கெட்டையோ எழுத்துக் கூட்டிப் படித்தால், இஷானின் அப்பா மாதிரி தூரத்தில் நிற்காதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். அடுத்த எழுத்தை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அது மட்டும் முக்கியம்.